கலம் சிறிது, கடமை பெரிது

(விழா அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கதிரவன் மறைந்தபின் அடுப்பு எரியாத இல்லம். குடிநீரைத் துணியில் வடிகட்டிய பின்னரே பருகும் இல்லம். வாசலைப் பெருக்கும்போதும் எறும்பின் வரிசை கலையாதபடி துடைப்பத்தைத் திருப்பும் இல்லம். அத்தகைய இல்லம் ஒன்றின் வரவேற்பறையில், மேசைமேல், கழுத்துக் குறுகிய கண்ணாடிக் குடுவை ஒன்று இருக்கிறது. அதனுள் ஒன்றரை லிட்டர் நீர். அடியில் வண்ணக் கற்கள். நடுவே நீலமும் சிவப்புமாய்த் துடுப்பு விரித்து ஒரு மீன். பிள்ளையின் பிறந்தநாளுக்கு யாரோ அன்புடன் அளித்த பரிசு அது. வருவோர் எல்லாரும் அதன் அழகைப் புகழ்கின்றனர். நாற்பது நாள் கழித்து அம்மீன் நீரின்மேல் மிதக்கிறது. பிள்ளை அழுகிறது. மறுநாள் மாலை அதே நிறத்தில் வேறொரு மீன் அக்குடுவைக்கு வந்துவிடுகிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆயினும் இதைக் கேட்ட உடனே எவரேனும் ஓர் உறவினர் வீட்டை நினைத்துக்கொள்ளாதார் இந்த அவையில் சிலரே இருப்பர். அவ்வீட்டில் எவரும் கொடியவர் அல்லர். தீங்கு செய்யும் எண்ணமும் எவருக்கும் இல்லை. அறியாமை ஒன்றே அங்குக் குற்றவாளி. அந்த அறியாமையை நீக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

மீனின் இயல்பு

கடைகளில் 'ஃபைட்டர்' என்று வழங்கும் இம்மீனின் பெயர் பெட்டா. இதன் தாயகம் தாய்லாந்தின் நடுப்பகுதி. சாவ் பிரயா ஆற்றின் சமவெளியில் உள்ள நெல்வயல்களும் சதுப்புகளும் ஓடைகளும் இதன் பிறப்பிடம். அந்நாட்டு மொழியில் இதற்குப் 'பிளா கட்' என்று பெயர். கடிக்கும் மீன் என்பது பொருள். ஆண்மீன்களை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பந்தயம் கட்டும் வழக்கம் அங்கு நெடுங்காலமாக இருந்தது. பின்னர் அழகுக்காகவே தேர்ந்து பெருக்கப்பட்டு, நீண்ட துடுப்புகளும் பல வண்ணங்களும் கொண்ட வகைகள் தோன்றின. 2019ஆம் ஆண்டு தாய்லாந்து அரசு இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

இம்மீனுக்குச் செவுள்களோடு மூச்சுக்கென மற்றோர் உறுப்பும் உண்டு. செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக அமைந்து குருதி நாளங்கள் நிறைந்த அவ்வுறுப்பினால், மீன் நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை நேரே விழுங்கி மூச்சுக்கொள்ளும். தமிழ்நாட்டுக் குளங்களில் உள்ள பனையேறிக் கெண்டைக்கும் இதே அமைப்பு உண்டு. நீர் வற்றிய காலத்தில் அது தரையில் ஊர்ந்து செல்வதைக் கண்டவர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர்.

இவ்வொரு சிறப்பே பெட்டாவுக்குக் கேடாக முடிந்தது. காற்றை விழுங்கி வாழ்வதால் அதற்கு நிறைய நீர் வேண்டாம் என்று மக்கள் கருதினர். நெல்வயல் நீர் ஆழமற்றது என்பது உண்மை. ஆனால் அது பரந்தது. மழை புதுநீரைச் சேர்க்கும்; வேர்களும் மண்ணும் கழிவை ஏற்கும்; வெயில் மிகுந்தால் ஒதுங்க நிழலும் உண்டு. குடுவையில் இவற்றுள் எதுவும் இல்லை. கெட்ட நீரிலும் சில காலம் உயிர்தாங்கும் ஆற்றல் மீனுக்கு இருக்கிறது. தாங்கிக்கொள்வது வேறு, நலமாக வாழ்வது வேறு. நல்ல முறையில் பேணினால் 3 ஆண்டுகள் வரை, சிலவேளை அதற்கும் மேலாக வாழக்கூடிய உயிர் இது. நாற்பது நாளில் மடிவது அதன் இயல்பு அன்று.

போர்மீன் என்று பெயர் பெற்ற இதன் மற்றொரு முகமும் அறியத்தக்கது. ஆண்மீன் தன் வாயினால் நீர்க்குமிழிகளை ஒட்டவைத்து நுரைக்கூடு கட்டும். பெண்மீன் இட்ட முட்டைகளை அதில் வைத்துக் காவல் காக்கும். கீழே நழுவி விழும் முட்டையை வாயில் ஏந்தி வந்து மீண்டும் கூட்டில் சேர்க்கும். குஞ்சுகள் பொரிந்து தாமே நீந்தத் தொடங்கும் வரை காவல் நீங்காது. மேசைமேல் இருப்பது ஓர் அலங்காரப் பொருள் அன்று. அது ஐம்பொறி உயிர்.

ஐந்து அதிசாரங்கள்

கொல்லாமை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் தன் ஏழாம் அத்தியாயத்தில் கூறுகிறது. இல்லறத்தார் ஒழுக்கத்தைத் தமிழில் விளக்கும் அருங்கலச்செப்பும் இவற்றை எண்ணிச் சொல்கிறது. கட்டிவைத்தல், அடித்து வருத்துதல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிய சுமை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பவை அவை. ஆடுமாடுகளும் ஏவலாளரும் நிறைந்த இல்லங்களை எண்ணி ஆசிரியர்கள் இவற்றை வகுத்தனர். மேசைமேல் இருக்கும் மீனுக்கும் இவ்வைந்தும் அப்படியே பொருந்துகின்றன. பெட்டாவைப் பாதுகாப்பாக வைத்திருப்பதற்கு வேண்டிய அனைத்தும் இவ்வைந்தினுள் அடங்கிவிடும்.

முதலாவது, கட்டிவைத்தல். வாங்கும் கலமே இங்குக் கட்டு. 20 லிட்டர் கொள்ளும் நீள்சதுரத் தொட்டி ஒரு பெட்டாவுக்கு நன்று. இடமில்லாத வீட்டில் 10 லிட்டருக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். 5 லிட்டருக்கும் குறைந்த குடுவை, மீனைக் கடையிலிருந்து கொண்டுவரவும் தொட்டியைத் தூய்மை செய்யும்போது சிறிது நேரம் வைக்கவுமே தகும். உயரத்தைவிட அகலமே முக்கியம். மூச்சுக்கு மேலே வந்து மேலே வந்து போகும் மீனுக்கு உயர்ந்து குறுகிய கலம் ஓயாத ஏணி ஆகும். விளிம்புக்குக் கீழே நான்கு விரல் அளவு இடம் விட்டு நீர் நிரப்பவேண்டும். பெட்டா துள்ளிக் குதிக்கும் இயல்புடையது. ஆகவே மூடி கட்டாயம். அம்மூடியில் காற்றோட்டத்துக்குத் துளைகளும் கட்டாயம். குடுவையின் வாய் முழுவதும் அடையும்படி செடியைச் செருகி, வேரின் கீழே மீனை விடும் ஒரு வழக்கம் உண்டு. மீன் வேரைத் தின்று வாழும் என்பர் விற்போர். பெட்டா ஊனுண்ணி, வேரைத் தின்னாது. வேர் அடைத்த வாயினால் அதற்குக் காற்றும் கிட்டாது. பசியும் மூச்சுத்திணறலும் சேர்ந்த சிறை அது.

இங்குத் தாய்மார்கள் கருதவேண்டியது ஒன்று உண்டு. விழாக்காலத்தில் பித்தளை உருளியில் நீர் நிரப்பி மலர் மிதக்கவிடுவது அழகிய வழக்கம். அதில் மீனையும் விட்டால் மேலும் அழகு என்று சிலர் எண்ணுகின்றனர். பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்தது. செம்பு நீரில் மிகச் சிறிதளவு கரைந்தாலும் மீனுக்கு நஞ்சு. மாந்தர் உடலுக்கு நலம் என்று செம்புக் குடத்து நீர் பருகுவோர், அதே நீர் மீனைக் கொல்லும் என்பதை மறக்கலாகாது. உருளியில் மலர் மட்டும் மிதக்கட்டும்.

இரண்டாவது, அடித்து வருத்துதல். பெட்டாவை எவரும் கோலால் அடிப்பதில்லை. ஆனால் கண்ணாடியை விரலால் தட்டுவதும், கலத்தின் எதிரே முகக்கண்ணாடியைக் காட்டி அது செவுள் விரித்துச் சீறுவதைக் கண்டு மகிழ்வதும், இரு ஆண்மீன்களின் குடுவைகளை அருகருகே வைத்து வேடிக்கை பார்ப்பதும் உண்டு. தன் உருவையே பகைவன் என்று எண்ணி அம்மீன் களைப்படைகிறது. ஓர் உயிரின் சினத்தைத் தூண்டி மற்றோர் உயிர் மகிழ்வது எவ்வகை விளையாட்டு என்பதைப் பெற்றோர் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். குரோதம் கஷாயங்களுள் முதலாவது என்று பாடசாலையில் படிக்கும் பிள்ளைக்கு இது எளிதில் விளங்கும். இரண்டு ஆண்மீன்களை ஒரே தொட்டியில் விடுதல் ஒருபோதும் கூடாது. கலத்தை வானொலிப் பெட்டி, தொலைக்காட்சி, கதவு ஆகியவற்றின் அதிர்வு படாத இடத்தில் வைத்தல் நன்று.

மூன்றாவது, உறுப்பைச் சிதைத்தல். நீண்டு தொங்கும் துடுப்புகள் மெல்லிய பட்டுத்துணி போன்றவை. கூரான கற்கள், உடைந்த சிப்பிகள், விறைப்பான பிளாஸ்டிக் செடிகள், சிறு துளையுள்ள பொம்மை மண்டபங்கள் ஆகியவற்றில் உரசித் துடுப்பு கிழியும். கிழிந்த இடம் அழுகும். ஒரு பொருளைத் தொட்டியில் இடுமுன் பழைய பட்டுத்துணியை அதன்மேல் இழுத்துப் பார்க்கலாம். துணியின் இழை சிக்கினால் துடுப்பும் சிக்கும். வழவழப்பான கற்களும் உயிருள்ள நீர்ச்செடிகளும் போதும். தெருவோரத்தில் நிற்கும் பாதாம் மரத்தின், அதாவது நாட்டு வாதுமையின், உதிர்ந்து காய்ந்த இலை ஒன்றைக் கழுவி இடுவது தாய்லாந்தில் மீன் வளர்ப்போரின் பழைய வழக்கம். நீர் தேநீர் நிறம் பெறும், அது கேடன்று. மீன் அதன் நிழலில் ஒதுங்கும்.

நான்காவது, அளவுக்கு மீறிய சுமை. எருதின்மேல் மூட்டை ஏற்றுவதை எண்ணிச் சொல்லப்பட்ட இவ்வதிசாரம், மீனுக்கு அதன் சொந்தக் கழிவே சுமையாகும் நிலையைக் குறிக்கும். மீன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவை வெளியிடுகிறது. தின்னாது எஞ்சிய உணவும் அழுகி அம்மோனியாவாகிறது. 20 லிட்டர் நீரில் கலக்கும் கழிவு 1 லிட்டரில் கலந்தால் இருபது மடங்கு செறிவாகும். அந்நீரில் மூச்சுவிடும் உயிருக்கு அது நெருப்பில் நிற்பது போன்றது. இதில் கண்ணை நம்ப இயலாது. அம்மோனியாவுக்கு நிறம் இல்லை. தெளிந்த நீர் எல்லாம் தூய நீர் ஆகாது என்பது, நீரை வடிகட்டிப் பருகும் சமுதாயத்துக்குப் புதிய செய்தி அன்று.

பெரிய தொட்டியில் நுண்ணுயிர்கள் இக்கழிவைப் படிப்படியாக மாற்றித் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்குகின்றன. காற்றுக்குழலால் மெல்ல இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரிலும் கற்களிலும் அவை தங்கும். அவை போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அத்தகைய தொட்டியில் வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றினால் போதும். ஃபில்டர் இல்லாத சிறு கலத்திலோ இரண்டு நாளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரையேனும் மாற்றவேண்டும். ஆகவே கலம் சிறிதாகச் சிறிதாகக் கடமை பெரிதாகிறது. 'சிறிய குடுவை, வேலை குறைவு' என்று கருதி வாங்குவோர் இதனைத் தலைகீழாக அறிந்திருக்கின்றனர்.

மாற்றும் முறைக்கும் நெறி உண்டு. மீனை வெளியே எடுத்து, கலத்தைச் சோப்பிட்டுத் தேய்த்து, முழு நீரையும் புதிதாக்குதல் தவறு. மெல்லிய குழாயினால் அடிக்கழிவை உறிஞ்சி எடுத்து, அதே வெப்பமுள்ள புதுநீரை மெல்ல ஊற்றவேண்டும். மாநகராட்சிக் குழாய்நீரில் குளோரின் இருக்கும். அதனை அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைக்கலாம், அல்லது கடைகளில் 'ஆன்டி குளோரின்' என்று கிடைக்கும் சொட்டு மருந்தை அளவறிந்து இடலாம். ஆர்.ஓ. இயந்திரத்து நீரில் மீனுக்கு வேண்டிய உப்புகள் இல்லை. அதனை மட்டும் நிரப்புதல் ஆகாது. வெளியேற்றிய நீர் துளசிக்கும் மல்லிகைக்கும் நல்ல உரம்.

வெப்பமும் ஒரு சுமையே. 24 முதல் 28 பாகை செல்சியசு இம்மீனுக்கு இதமானது. சிறு கலத்து நீர் விரைவில் சுடும், விரைவில் குளிரும். பங்குனி, சித்திரை வெயில் நேரே படும் சன்னலோரமும், இரவெல்லாம் குளிரூட்டி இயங்கும் படுக்கையறையும் அதற்கு ஆகா.

வீட்டுப் புகையையும் இங்கே சேர்த்து எண்ணுதல் வேண்டும். கொசுவர்த்தியிலும் மின்சாரக் கொசுவிரட்டித் திரவத்திலும் உள்ள மருந்துகள் மீன்களுக்குக் கொடிய நஞ்சு. அவை காற்றில் பரவி நீரில் படியும்; காற்றையே விழுங்கும் பெட்டா இருவழியாலும் அவற்றை ஏற்கும். அவற்றை ஏற்றும் அறையில் மீன்தொட்டி இருத்தல் கூடாது. ஊதுவத்தியும் சாம்பிராணியும் புகையும் பூசையறைக்கு அருகிலும் தொட்டி வேண்டாம்.

ஐந்தாவது, உணவையும் நீரையும் தடுத்தல். பட்டினி போடுவது மட்டுமன்றித் தகாத உணவை இடுவதும் இதில் அடங்கும். பொரி, சோறு, ரொட்டித்துண்டு, பிஸ்கட் ஆகியவை பெட்டாவுக்கு உணவல்ல; நீரைக் கெடுக்கும் பொருள்கள். பெட்டாவின் இரைப்பை ஏறத்தாழ அதன் கண் அளவே. காலையில் இரண்டு மூன்று, மாலையில் இரண்டு மூன்று என்று சிறு உருண்டைத் தீவனம் போதும். எஞ்சியதை உடனே எடுத்துவிடவேண்டும். இரண்டு மூன்று நாள் வெளியூர் செல்வோர், அண்டை வீட்டாரிடம் டப்பாவைக் கொடுத்து மிகுதியாகத் தீவனம் இடச்செய்வதைவிட, நலமுள்ள வளர்ந்த மீனை உணவின்றி விட்டுச் செல்வதே அதற்குப் பாதுகாப்பு. அதற்குமேல் நீளும் பயணமெனில், முறையறிந்த ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தல் வேண்டும்.

மறைக்காமல் சொல்லவேண்டிய ஒன்று

இந்த இடத்தில் மறைக்காமல் கூறவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தச் சிறு உருண்டைத் தீவனத்தின் முதன்மைப் பொருள் மீன்தூளும் இறால்தூளுமே. இயற்கையில் கொசுப்புழுவும் சிறு பூச்சிகளும் தின்று வாழும் உயிர் இது. அதனைத் தாவர உணவுக்குப் பழக்க இயலாது. ஊன் நுழையாத சமையலறையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த இல்லத்தில், மேசையடியில் ஒரு டப்பாவில் ஊன் இருக்கும். மீனுக்கு உணவு மறுத்தால் ஐந்தாம் அதிசாரம். கொடுத்தால் வேறு உயிர்களின் ஊன். இரண்டுக்கும் நடுவே எளிய வழி ஏதும் இல்லை.

ஆகவே இன்னும் வாங்காத இல்லத்தார் வாங்காதிருப்பதே சிறந்தது. குழந்தைகளின் பிறந்தநாளில் வருவோர்க்கெல்லாம் பையில் அடைத்த மீனைப் பரிசளிக்கும் வழக்கத்தை நம்மவர் இல்லங்கள் கைவிடவேண்டும். பெறுவோருக்குத் தொட்டி உண்டா, காலம் உண்டா, விருப்பம் உண்டா என்று கேளாமல் ஓர் உயிரை அனுப்புவது பரிசாகாது. ஒன்று மடிந்த மறுநாளே மற்றொன்றை வாங்குவது, அடுத்த குடுவையில் அடுத்த மீனை அடைக்குமாறு விற்பவருக்கு ஆணையிடுவதே ஆகும். விலை குறைவு என்பதால் உயிர் குறைவாகிவிடாது.

ஏற்கெனவே இல்லத்துக்கு வந்துவிட்ட மீனைப் பற்றிய கேள்வி வேறு. அதனை ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடுவது ஜீவதயை என்று சிலர் எண்ணுவர். நீண்ட துடுப்பால் விரைந்து நீந்த இயலாத அம்மீன் அங்குப் பிற உயிர்க்கு இரையாகும். நோய் சுமந்திருந்தால் அந்நீரில் உள்ள மீன்களுக்கும் அதனைப் பரப்பும். அயல்நாட்டு மீனை உள்ளூர் நீரில் விடுதல் அங்கு வாழும் உயிர்களுக்கும் தீங்கு. வந்த உயிரை அதன் ஆயுள் முடியும் வரை முறையாகக் காப்பதே அதற்குச் செய்யும் தயை. இயலாதவர், நல்ல தொட்டியும் பொறுமையும் உடையவரிடம் அதனை ஒப்படைக்கலாம்.

காப்பவர் நாள்தோறும் ஒரு நொடி நின்று பார்த்தால் போதும். துடுப்பை மடக்கி அடியில் கிடத்தல், நிறம் மங்குதல், உணவை மறுத்தல், உடலில் உப்புத்தூவியது போன்ற வெண்புள்ளிகள், துடுப்பின் ஓரம் கறுத்துச் சிதைதல், மேற்பரப்பிலேயே ஓயாது வாய்திறத்தல் ஆகியவை துன்பத்தின் அடையாளங்கள். மருந்தைத் தேடும் முன் நீரை மாற்றவேண்டும். பெரும்பாலான நோய்க்கு வித்து நீரிலேயே இருக்கிறது. அம்மீனுக்குக் குரல் இல்லை. அதன் துன்பத்தைக் காணும் கண்ணே அதற்குக் குரல்.

தொடக்கத்தில் கண்ட அவ்வில்லத்துக்கு மீண்டும் செல்லலாம். இரண்டாம் மீன் இன்னும் அக்குடுவையில் இருக்கிறது. இன்று மாலை இல்லம் திரும்பியதும் அப்பிள்ளையும் தந்தையும் சேர்ந்து அகன்ற தொட்டி ஒன்றை வாங்கி, குளோரின் நீங்கிய நீரை நிரப்பி, காய்ந்த பாதாம் இலை ஒன்றை மிதக்கவிட்டு, மீனை மெல்ல அதில் இறக்கட்டும். காலியான குடுவையில் தாய் ஒரு மலர்க்கொத்தை வைக்கட்டும். இந்த மீன் தன் ஆயுளை முடித்தபின் மற்றொன்று வாங்குவதில்லை என்று அந்தப் பிள்ளையே சொல்லுமானால், அவ்வில்லத்தில் அணுவிரதம் அடுத்த தலைமுறைக்கு வந்து சேர்ந்துவிட்டது.